ஓய்வழுத்தம், பாய்வழுத்தம்: காற்றுத்தூரிகைக் கம்ப்ரசருக்கான சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் காற்றுத்தூரிகை (ஏர்பிரஷ்), அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர் ஆகியவற்றுக்கான தமிழ்ச்சொற்களைப் பேசிவருகிறோம். அதில் 'ஒர்க்கிங் பிரஷர்' (தூரிகை வேலை செய்யும்போது உள்ள காற்றழுத்தம்) என்பதற்குப் 'பணியழுத்தம்' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று இங்கே ஒரு கருத்து வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றுத்தூரிகையைப் புதிதாகக் கையில் எடுப்பவர் கம்ப்ரசரைக் குறை சொல்லும் பாதி நேரம், குழப்பம் இந்த ஒரு அளவில்தான் இருக்கிறது. அதனால் இந்தச் சொல்லில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

முதலில் நடப்பதைப் பார்ப்போம். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சீராக்கியைத் (ரெகுலேட்டர்) திருகி அழுத்தமானியின் முள்ளை 25 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) நிறுத்துகிறோம். தூரிகையின் விசையை (டிரிகர்) அழுத்திக் காற்றை வெளியே விட்டதும் முள் சட்டென்று இறங்கி 20க்குப் பக்கத்தில் நிற்கிறது. விரலை எடுத்தால் பழையபடி 25. இரண்டும் ஒரே மானி காட்டும் அளவுதான். ஆனால் பெயிண்டைத் துகளாக்குவது இறங்கி நிற்கும் அந்த இரண்டாவது அளவு. வண்டி, விமானம் போன்றவற்றின் சிறு மாடல்களுக்கான அக்ரிலிக் பெயிண்டுக்கு 15 முதல் 25 பிஎஸ்ஐ வரை என்று சொல்லப்படுவதையும் இந்த இரண்டாவது அளவாகவே கொள்ள வேண்டும். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் சீராக்கியைத் திருக வேண்டும். விசையை விட்ட நிலையில் 15 வைத்துவிட்டு, பெயிண்ட் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறதே என்று வருந்துபவர் உண்மையில் 11, 12இல் அடித்துக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டாவது அளவுக்குப் 'பணியழுத்தம்' ஏன் பொருந்தாது? கம்ப்ரசரின் பெயர்த்தகட்டிலும் 'அதிகபட்ச ஒர்க்கிங் பிரஷர்' என்று ஒன்று பொறித்திருக்கும். அது 6 பார், 8 பார் என்று தாங்கும் வரம்பைச் சொல்வது (1 பார் என்பது ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ). அதையும் இதையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்தவர்களாவோம். 'நிலையழுத்தம்', 'தேக்க அழுத்தம்' ஆகிய இரண்டும் பாய்ம இயக்கவியலில் வேறு பொருளுக்கு ஏற்கெனவே போய்விட்டன. அங்கிருந்து எடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை: விசையை விட்டிருக்கும்போது முள் காட்டுவது ஓய்வழுத்தம். காற்று பாயும்போது காட்டுவது பாய்வழுத்தம். ஓய்வு, பாய்வு என்ற எதுகையால் இரண்டும் ஜோடியாகவே நினைவில் நிற்கும். 'பாயழுத்தம்' என்று சுருக்கலாமே என்று கேட்கலாம். இலக்கணப்படி சரிதான், ஆனால் படிப்பவருக்குப் படுக்கிற பாய்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இந்த ஜோடி கிடைத்துவிட்டால் பழுது பார்ப்பதையே தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாய்வழுத்தம் ஓய்வழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்து ஓரிடத்தில் நின்றால் எல்லாம் சரி. பெரிதாகச் சரிந்து, ஆனால் அசையாமல் நின்றால், மானிக்கு முன்னே எங்கோ வழி குறுகியிருக்கிறது: அழுக்கேறிய வடிகட்டி, அல்லது சீராக்கியே. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் கம்ப்ரசர் தரும் காற்று நாசிலுக்கு (தூரிகையின் நுனித்துளை) போதவில்லை, அல்லது வழியில் கசிகிறது. முள் அசையவே இல்லை, தூரிகையில் மட்டும் காற்று மெலிவாக வருகிறது என்றால், அடைப்பு மானிக்கு அப்பால்: மடங்கிய குழாய், இணைப்பான், தூரிகையின் காற்று வால்வு. கம்ப்ரசரைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. தூரிகையின் பெயிண்ட் கிண்ணத்தில் குமிழி வருவதும் அப்படித்தான். அங்கே பார்க்க வேண்டியது நாசிலையும் அதன் அடைப்பு வளையத்தையும்.

கசிவைக் கண்டுபிடிப்பதற்குத் தனிச்சொல் தேவையில்லை. யாரும் தூரிகையைத் தொடாதபோதே கம்ப்ரசர் அடிக்கடி தானாக ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் இடம் தெரிந்துவிடும். பல சிறு கம்ப்ரசர்கள் 4 பார் அளவில் நின்று 3 பாரில் மறுபடி ஓடத் தொடங்கும். இவற்றுக்கு 'நிற்கும் அழுத்தம்', 'தொடங்கும் அழுத்தம்' என்றே எழுதலாம். எல்லாவற்றையும் ஒட்டுச்சொல்லாக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

வாங்கும்போது ஏமாற்றுவது லிட்டர் கணக்கு. நிமிடத்துக்கு 20, 25 லிட்டர் என்று தகட்டில் இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்று. அழுத்தத்துக்கு எதிராக அது வெளியே தருவது அதைவிடக் குறைவு. முதலாவதை 'இழுப்பளவு' என்றும் இரண்டாவதைத் 'தருமளவு' என்றும் பிரித்தால், 0.2 மில்லிமீட்டர் நாசிலோடு ஒழுங்காக ஓடிய கம்ப்ரசர் 0.5 நாசிலில் ஏன் திணறுகிறது என்பதை ஒரே வரியில் விளக்கலாம். காற்றைத் தேக்கிவைக்கும் கலன் இல்லாத கம்ப்ரசரில் பிஸ்டனின் ஒவ்வொரு அடியும் காற்றில் தெரியும். மெல்லிய கோடு இழுத்தால் அடர்த்தியும் வெளிறலும் மாறி மாறி விழும். அதற்குத் 'துடிப்பு' என்ற சொல்லே போதும். 3 லிட்டர் கலன் ஒன்று இருந்தாலே அது அடங்கிவிடும். கலன் உள்ளதை வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

அடுத்து 'மாய்ஸ்சர் டிராப்', அதாவது காற்றோடு வரும் நீரைப் பிடிக்கும் குப்பி. 'ஈரப்பொறி' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். பொறி என்றால் இயந்திரம் என்றும் பொருள் வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் 'ஈரம்' என்ற சொல். அமுக்கப்பட்ட காற்று சூடாக வெளியே வருகிறது. ஆறும்போதுதான் அதிலுள்ள ஆவி துளியாகிறது. இந்தக் குப்பி துளியாகிவிட்ட நீரைப் பிடிக்குமே தவிர, ஆவியை அப்படியே விட்டுவிடும். கம்ப்ரசரை ஒட்டி, காற்று இன்னும் சூடாக இருக்கும் இடத்தில் அதை மாட்டினால், நீர் அதைக் கடந்து குழாயில் போய்த் துளியாகி, முடிக்கப்போகிற பூச்சின்மேல் துப்பும். ஆகவே 'நீர்ப்பிடிப்பான்' என்பேன். பெயரே அது எதைப் பிடிக்கும் என்று சொல்கிறது. கலனுக்குப் பின்னால் ஒன்று, தூரிகையின் அடியில் சிறிதாக இன்னொன்று என்று வைத்தால் நல்லது. ஆவியையே இழுத்துக்கொள்ளும் சிலிக்கா ஜெல் வகைக்கு 'ஈர உறிஞ்சி' என்பதை ஒதுக்கிவைக்கலாம். வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிட்டு, கலனின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பதற்கு 'வடித்தல்' போதும். அதைச் செய்யாவிட்டால் கலன் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கம்ப்ரசர் என்பதற்குக் 'காற்றமுக்கி' எனக்குச் சம்மதம். ஆனால் பேச்சில் கம்ப்ரசர் என்றே வரும், அதை எதிர்க்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்றுக்கு எனக்கே திருப்தியான சொல் கிடைக்கவில்லை. விசையை விட்டபின் ஓய்வழுத்தம் வைத்த அளவில் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். சீராக்கியின் உள்வால்வு முழுதாக மூடாமல், அழுக்கோ தேய்மானமோ காரணமாகக் காற்றைக் கசியவிடுவதால் வருவது. அடுத்தமுறை விசையைத் தொட்டதும் முதல் நொடியில் பெயிண்ட் பீறிட்டு அடிக்கும். 'அழுத்த ஊர்வு' என்று யோசித்தேன். ஆனால் ஊர்தல் பக்கவாட்டில் நகர்வதுபோல் இருக்கிறது, இது ஏறுவது. 'அழுத்த ஏற்றம்' என்றால் நாமே திருகி ஏற்றுவதாகிவிடும். தானாக ஏறுகிறது என்பதும் மெதுவாக ஏறுகிறது என்பதும் சேர்ந்து தொனிக்கும் சொல் வேண்டும். சீராக்கிகளோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.