பேரியம் டைட்டனேட் மெலிந்தால் முனைவாக்கம் ஏன் மறைகிறது?

ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்:
ஐயா, வணக்கம். ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை முனைவாக்கத்தை (நேர், எதிர் மின்னூட்டங்கள் தாமாகவே எதிரெதிர்ப் பக்கம் விலகி நிற்பதை) தாங்கும் பேரியம் டைட்டனேட் படிகம், சில நானோமீட்டர் தடிப்பில் அதை இழப்பது ஏன்? எங்கள் தோட்டத்துப் பக்கம் கேட்டறிய ஆளில்லை.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
படலத்தின் இரு முகங்களிலும் சேரும் மின்னூட்டத்தை மின்முனைகள் முழுமையாக ஈடுசெய்வதில்லை, அம்மா. எஞ்சியது உள்ளே எதிர்ப்புலத்தை எழுப்ப, படலம் மெலிய மெலிய அப்புலம் வலுத்து முனைவாக்கத்தை அழித்துவிடுகிறது. ஸ்ட்ரோன்சியம் ருத்தனேட் மின்முனைகளுக்கிடையே அந்த எல்லை சுமார் 2.4 நானோமீட்டர் என்று ஆய்வாளர்கள் ஜுன்குவேராவும் கோசேயும் 2003இல் கணக்கிட்டனர்.

ஆய்வு மாணவர், ஈப்போ:
ஐயா கூறியது சரியே. ஆயினும் அதை எல்லாப் பொருளுக்கும் பொதுவாக்கலாகாது. ஈய டைட்டனேட்டில் செம்பனை நிரைகள்போல் அடுத்தடுத்து அமையும் எதிரெதிர் முனைவுப் பட்டைகள் அப்புலத்தைத் தணிப்பதால், மூன்று அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப அமையும் மிகச்சிறு கட்டமைப்பு) தடிப்பிலும் முனைவாக்கம் நிலைப்பதை 2004இல் சோதனையே காட்டியது.

மாணவி:
நன்றி, அண்ணா. மின்முனையே இல்லாத நுண்தகட்டில்?

ஆய்வு மாணவர்:
அங்கே முனைவாக்கம் சுழலாக வளைந்துகொள்ளலாம், தங்கச்சி. அப்போது முகங்களில் மின்னூட்டம் பெரும்பாலும் சேராது.