பாடிக்கொண்டே சண்டைக்குப் போகும் கௌபோய்கள்: ஒரு சந்தேகம்

தலவாக்கலையான் (கேள்வி):

கடந்த வாரம் மழை விடாமல் பெய்ததால் லயத்து வாசலைக்கூடத் தாண்ட முடியாமல், தாத்தாவும் நானும் யூடியூபில் 1930களில் வந்த கறுப்பு வெள்ளைக் கௌபோய்ப் படமொன்றைப் பார்த்தோம். ஜீன் ஓட்ரி நடித்த அந்தப் படம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. கதாநாயகன் குதிரையை விட்டு இறங்குவதற்கு முன்பே பாடத் தொடங்குகிறார். கையில் இருப்பது ஒரு கிட்டார்தான் என்றாலும், பற்றைக்குள் யாரோ ஒளிந்திருந்து வயலின் வாசிப்பதைப் போல ஒரு வாத்தியக் கோஷ்டியே கேட்கிறது. யார் வாசிக்கிறார்கள் என்று தாத்தா இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதைவிட வியப்பு, குதிரை ஓடும் அதே தெருவில் மோட்டார் காரும் போகிறது, வீட்டுக்குள் வானொலியும் இருக்கிறது. சுருட்டைக் கடித்தபடி வாய் திறக்காமல் சுடுகிற கௌபோய்களையே பார்த்துப் பழகிய எனக்கு இது விளங்கவில்லை. இந்தப் பாட்டுக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஜோன் வெய்ன்கூட இப்படிப் பாடியவர் என்கிறார்களே, அது உண்மையா?

ஹட்டன் பழைய ரசிகன்:

தம்பி, பேசும்படம் வந்ததுதான் இதற்கெல்லாம் காரணம். மௌனப்படக் காலத்தில் குதிரைச் சாகசத்தால் பெயர் வாங்கிய கென் மேனார்ட் 1929இலேயே திரையில் பாடினார். ஆனால் அவருக்குச் சவாரிதான் முதல், பாட்டு கொசுறு. அந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் ஓட்ரி. டெக்சாஸில் பிறந்து, ரயில் நிலையத்தில் தந்தி அனுப்பும் வேலை பார்த்து, சிகாகோ வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் குரல் பரவிய பிறகே அவர் 1934இல் மேனார்டின் படமொன்றில் சிறு வேடத்தில் வந்து பாடினார். அடுத்த ஆண்டிலேயே, புதிதாகத் தொடங்கப்பட்ட ரிபப்ளிக் நிறுவனம் அவரைக் கதாநாயகனாக்கியது.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. பொருளாதார மந்தத்தால் கூட்டம் குறைந்தபோது, திரையரங்குகள் ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டின. அதில் துணைப் படமாக ஓடுவதற்காகக் குறைந்த செலவில், குறைந்த நாட்களில் எடுக்கப்பட்டவையே இவை. மாட்டு மந்தை மிரண்டோடும் காட்சிக்கு மாடும் குதிரையும் ஆட்களும் வேண்டும். பாட்டுக்கோ மூட்டிய நெருப்பொன்றும், சுற்றி உட்கார நாலு பேரும் இருந்தால் போதும். வானொலியில் கேட்டவர் படத்துக்கு வந்தார், படம் பார்த்தவர் இசைத்தட்டு வாங்கினார். பாட்டை ஸ்டூடியோவில் முதலிலேயே பதிந்துவிட்டு, வெளியிடத்தில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பது வழக்கமாகியது. உங்கள் தாத்தா தேடிய வயலின்காரர் பற்றைக்குள் இல்லை, ஸ்டூடியோவில்தான் இருந்தார்.

காரும் வானொலியும் தவறுதலாக வந்தவையல்ல. சிற்றூர்களிலும் பண்ணைகளிலும் இருந்து வந்த பார்வையாளர்களுக்காக, அவர்களுடைய காலத்திலேயே கதையை நடத்தினார்கள். 1938இல் சம்பளத் தகராறில் ஓட்ரி வெளியேறியபோது, லெனார்ட் ஸ்லை என்ற இளம் பாடகருக்கு ரோய் ரோஜர்ஸ் என்று பெயர் சூட்டி ரிபப்ளிக் களத்தில் இறக்கியது. அவர் முதன்மை வேடமேற்ற முதல் படத்தில், வறட்சியில் புழுதியாகிப்போன நிலத்துக்குத் தண்ணீர் கேட்டு, கதாநாயகன் தேர்தலில் நின்று அமெரிக்கக் காங்கிரசுக்கே போகிறான். புழுதியைப் பற்றிய அதன் பாடல் ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. விடியற்காலையில் குடத்தோடு பீலியடியில் வரிசை நின்ற நமக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இந்தப் படங்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் இதைப் பார்க்காதவர்கள் என்றே நினைக்கிறேன்.

பண்டாரவளை வாசகி:

மேலே எழுதியவர் ஜோன் வெய்னை விட்டுவிட்டார். 1933இல் வந்த 'ரைடர்ஸ் ஒஃப் டெஸ்டினி' படத்தில் அவர் பாடும் கௌபோயாக நடித்தது உண்மைதான். ஆனால் குரல் அவருடையதல்ல. ரசிகர்கள் நேரில் பாடச் சொன்னபோது அவர் தர்மசங்கடப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தப் படத்தில் ஒரு காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். எதிரி தெருவின் மறுமுனையில் நிற்க, வெய்ன் ஓட்டமும் இல்லாமல் அவசரமும் இல்லாமல், இன்றிரவுக்குள் இந்த ஊரில் இரத்தம் ஓடும் என்ற பொருள்படத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே நடந்து வருகிறார். ஒலிப்பதிவு தகர டப்பாவுக்குள் பேசியது போலிருக்கும், வாயசைவும் முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்பு முழங்க வீரபத்திரன் களத்துக்கு வரும் வரவுதான் நினைவுக்கு வந்தது. கோபத்தோடு வருகிறவன் எதற்குப் பாட வேண்டும் என்று நம் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லையே! தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தபோது அதிலும் பாட்டுகள் நிறைந்திருந்தன, அதை யாரும் குறையாக எண்ணவில்லை. நம்மவர்கள் நாடக மேடையிலிருந்து பாட்டோடு வந்தார்கள், ஓட்ரி வானொலியிலிருந்து வந்தார், அவ்வளவுதான்.

மாத்தளைவாசி:

இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். உண்மையான மாட்டுக்காரர்களும் பாடியவர்களே. இரவுக் காவலில் மந்தையைச் சுற்றிக் குதிரையில் மெதுவாக வலம்வரும்போது, மாடுகள் திடீர்ச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிடாமல் இருக்கவும், இருட்டில் ஆள் எங்கே வருகிறான் என்று அவற்றுக்குத் தெரியவும் பாடுவார்கள். வெள்ளித் தையல் சட்டை போட்ட திரைப்பாடகருக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. மற்றையது, அந்த வேலையைச் செய்தவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிக்கோக்காரரும் கணிசமாக இருந்தபோதிலும், திரையில் அவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் ஹேர்ப் ஜெஃப்ரிஸ். கறுப்பின மக்களின் திரையரங்குகளுக்காக 1937 முதல் எடுக்கப்பட்ட சில படங்களில் அவர் பாடும் கௌபோயாக நடித்தார். குரலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஓட்ரியைவிட இவரே எனக்குப் பிடித்தவர்.

தலவாக்கலையான்:

மூவருக்கும் நன்றி. ஸ்டூடியோ வயலின்காரரைப் பற்றித் தாத்தாவிடம் சொன்னேன். அப்படியானால் குதிரையும் வாயசைக்கிறதா என்று கேட்கிறார். இன்று இரவு மின்சாரம் இருந்தால் வெய்ன் தெருவில் நடந்துவரும் காட்சியைப் போட்டுக் காட்டுவேன். ஜெஃப்ரிஸின் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று மாத்தளை அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாத்தளைவாசி:

1939இல் வந்த 'த புரோன்ஸ் பக்கரூ'விலிருந்து தொடங்குங்கள், தம்பி. பழைய பிரதி என்பதால் சில இடங்களில் ஒலி கரகரக்கும்; இயர்போன் போடாமல் பார்ப்பது நல்லது.