உறைபனிக்கு வளைவு மூடாக்கு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். உதகைக்கு அருகே, வீட்டின் பின்புறம் நான்கு அடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் கொண்ட ஒரு பாத்தியில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுள்ளேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விழும் உறைபனிக்கு இவ்விரண்டுமே தாங்குவதில்லை என்பதால், பாத்தியின் இருபுறமும் இரும்புக் கம்பித் துண்டுகளை அடித்து, ஏழு அடி நீளத்துக்கு வெட்டிய அரை அங்குல பிவிசி குழாய்களை அவற்றில் செருகி வளைத்து, மூன்று அடிக்கு ஒன்றாக ஐந்து வளைவுகள் அமைத்து, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தினேன்.

முதல் இரண்டு இரவுகள் குறையில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது, வளைவுகளுக்கு இடையே தாள் தொய்ந்து, உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தாள் பட்ட இலைகள் மட்டும் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் துவண்டிருந்தன. தொடாத இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வளைவுகளின் உச்சியை இணைத்து நீளவாக்கில் ஒரு குழாயைக் கட்டினால் தொய்வு நிற்குமா, அல்லது வளைவுகளையே நெருக்கமாக வைக்க வேண்டுமா? வெயில் ஏறியதும் உள்ளே புழுங்குவதால் காலையில் ஓரங்களைத் தூக்கிவிடுகிறேன். அதற்கேற்ப, கழற்றி மாட்ட எளிதாகவும் காற்றுக்குப் பறக்காமலும் தாளைப் பிடித்துவைக்க என்ன செய்கிறீர்கள்? இப்போது செங்கற்களைத்தான் வைக்கிறேன், அவை தாளைக் கிழிக்கின்றன. மலைப்பகுதியில் இதைச் செய்து பார்த்தவர்கள் படத்துடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.