பல்கனியில் வைத்த காற்று மோட்டார்

வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் தட்டில் எங்கள் வீடு. 2021இல், கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் கிரிஸ்டல் ரெட் இறால் பத்து வாங்கி வந்தேன். அம்மா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் காசுக்குச் சந்தையில் நல்ல இறாலாகவே வாங்கியிருக்கலாமே, ஒரு குழம்புக்காவது ஆகியிருக்கும்” என்றார். மூன்றாம் வாரம் அவர் பேச்சுத்தான் சரியென்று ஆகிவிட்டது.

ஜப்பானில் ஹிசாயாசு சுசுகி 1990களில் பெருக்கி எடுத்த இனம் அது. கடினமில்லாத, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீரும் 20 முதல் 24 பாகை வரையான குளிர்ச்சியும் கேட்கும். ஏப்ரல் மாதத்தில் என் தொட்டி 31 காட்டியது. உறையவைத்த தண்ணீர்ப் போத்தலை மிதக்கவிட்டேன். மேசை விசிறியைத் தொட்டியின் பக்கம் திருப்பினேன். போத்தல் உருகியதும் சூடு திரும்ப ஏறும். அந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிடப் பொல்லாதது. நம் தீவிலும் குளிர் விரும்பும் இறால் ஒன்று உண்டு: காரிடினா சிங்களென்சிஸ். ஹோட்டன் சமவெளியில், 2000 மீற்றருக்கும் மேலே, ஓடைகளில் வாழ்கிறது. வேறு எந்த நாட்டிலும் கிடையாது. அது கொழும்புக்கு இறங்கி வரவே இல்லை. என்னைவிட அதற்குப் புத்தி இருக்கிறது.

பிறகு செரி இறாலுக்கு மாறினேன். சூட்டை ஓரளவு தாங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரினைப் போக்கிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். பெட்டையின் பிடரியில் முதலில் சேணம் போட்டதுபோல் மஞ்சள் திட்டு ஒன்று தெரியும். அது தோல் கழற்றும் இரவில் ஆண்களெல்லாம் நிலைகொள்ளாமல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நீந்தும். மறுநாள் அந்த மஞ்சள் வயிற்றுக்கடியில் இறங்கி, இருபது முப்பது முட்டைகளாகத் தொங்கும். வயிற்றுக் கால்களால் அதை ஓயாமல் விசிறிக்கொண்டே மேயும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு வரும்: இரண்டு மில்லிமீற்றர்தான், ஆனால் மீசை உட்படப் பெரியதன் அச்சு. நூற்றைம்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதுகூட ஒன்றும் சாகவில்லை. காற்று மோட்டார் நின்றதால், தண்ணீரில் காற்றுக் கலக்கட்டுமென்று, நானும் அம்மாவும் முறைவைத்துத் தொட்டித் தண்ணீரைக் கோப்பையால் அள்ளி, உயரத்திலிருந்து ஊற்றினோம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, நான் வேலையில் இருந்த நேரம், ஒழுங்கையில் டெங்குப் புகை அடிக்க வந்தார்கள். அம்மா நான் சொல்லிவைத்தபடியே எல்லாம் செய்திருந்தார். சன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துணி திணித்து, தொட்டியின்மேல் ஈரத் துவாய் போர்த்தியிருந்தார். மாலையில் துவாயை விலக்கினால், பாதி இறால்கள் தரையில் பக்கவாட்டில் கிடந்து கால்களை உதறின. மீதி, கண்ணாடியில் மோதி மோதி வட்டமடித்தன. நுளம்பு மருந்துகளில் பைரெத்ராய்டு வகை இறாலுக்குக் கொடிய நஞ்சு. நுளம்புக்கும் இறாலுக்கும் தூரத்து உறவல்லவா, இரண்டும் கணுக்காலிகள். ஆனால் இத்தனை சாத்தியும் அது எப்படி உள்ளே வந்தது?

விடிய இரண்டு மணிக்குத்தான் விளங்கியது. தொட்டி வரவேற்பறையில், காற்று மோட்டார் பல்கனியில். இரைச்சல் என்று அம்மா குறைப்பட்டதால், சுவரில் துளையிட்டுக் குழாயை மட்டும் உள்ளே விட்டு, மோட்டாரை வெளியே வைத்தவன் நான். புகை மேலேறி வந்த நேரமெல்லாம் அது அந்தக் காற்றையே உறிஞ்சி, குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் ஊட்டியிருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. அதுவரை அவர், தான் ஏதோ சன்னலைச் சரியாகச் சாத்தவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரை முழுதாக மாற்றியும் ஒன்றும் மிஞ்சவில்லை. மணலை எறிந்தேன், ஸ்பொஞ்ச் ஃபில்டரையும் எறிந்தேன். தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இனி வேண்டாம் என்றிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார். முன்பு தொட்டியிலிருந்து வெட்டிய ஜாவா பாசியை அழகுக்காக ஒரு ஜாம் போத்தலில் போட்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே வைத்திருந்தார். தண்ணீர் வற்றினால் நிரப்புவார், அவ்வளவுதான். அதற்குள் ஏதோ அசைகிறது என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, போத்தலில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன். பாசியோடு ஒட்டிப் போயிருந்த குஞ்சுகள், ஏழு. ஒன்றின் பிடரியில் மஞ்சள் கட்டத் தொடங்கியிருந்தது.

மோட்டார் இப்போது ஃபிரிட்ஜின்மேல் இருக்கிறது. இரவெல்லாம் ஃபிரிட்ஜும் சேர்ந்து அதிர்கிறது. அம்மா அதன்கீழ் பழைய செருப்பொன்றை மடித்து வைத்திருக்கிறார்.