குறைந்த பட்ஜெட்டில் ஆபீஸ் சேர்: உட்கார்ந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை நாற்காலிதான். கையில் இருந்த சொற்பப் பணத்தில் ஒரு நல்ல சேர் வாங்க முடிந்தது. எதைப் பார்த்து வாங்கினேன் என்று எழுதுகிறேன். இதே தேடலில் இருந்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்தால் பலருக்கு உதவும்.

நான் உயரம் குறைவு, ஐந்தடியைத் தொட்டாலே அதிகம். கடையில் வரிசையாக நிற்கும் சேர்களில் பாதிக்கு மேல் எனக்கு ஆகாது. லிவரை இழுத்து முழுக்கக் கீழே இறக்கினாலும் குதிகால் தரையில் படாது. குதிகால் படாவிட்டால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், கால் மரத்துப் போகும். அதனால் கடைக்குக் கிளம்பும் முன்பே டேப்பை எடுத்து இரண்டு அளவு குறித்துக்கொண்டேன். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை ஒன்று. வேலை செய்யும்போது காலில் செருப்பு இருக்குமானால் செருப்போடுதான் அளக்க வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை இன்னொன்று.

முதல் அளவை இருக்கை இறங்கக்கூடிய மிகக் குறைந்த உயரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவதை இருக்கையின் ஆழத்தோடு. ஆழம் நம் அளவைவிட இரண்டு மூன்று விரல் அகலம் குறைவாக இருந்தால் சரி. இந்த இரண்டாவது அளவைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் பேசுவதே இல்லை. "மேடம், இது டைரக்டர் மாடல்" என்று தடித்த குஷன் வைத்த பெரிய சேர் ஒன்றைக் காட்டினார்கள். பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் இருக்கை விளிம்பு முழங்கால் மடிப்பில் இடித்தது. முன்னால் வந்தால் இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவே என் கை முழுசாக நுழையும் அளவு இடைவெளி. அதில் எத்தனை மெத்தை இருந்து என்ன பயன்? என் இடுப்பை அது தொடவே இல்லை.

கடைசியில் வாங்கியது தலை சாய்க்கும் பகுதி இல்லாத, சின்ன இருக்கை கொண்ட சாதாரண மாடல். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறது. அந்த ஒரு வசதிக்காகவே மற்ற அலங்காரங்களை விட்டுக்கொடுத்தேன். உயரம் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்தான். காலடியில் சாய்வாக ஒரு மரப்பலகை போட்டிருக்கிறேன், கால் நன்றாக ஊன்றுகிறது.

*

அக்கா, அளவு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஆறடிக்கு மேல் உயரம், புதுச் சேர்களில் தொடையில் பாதி வெளியே நிற்கும். நான் போன வழி பழைய சேர்.

ஒரு கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்தபோது மேசை நாற்காலிகளை விற்றார்கள். ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஏரான் சேர்கள் சில இருந்தன. பில் ஸ்டம்ஃபும் டான் சாட்விக்கும் வடிவமைத்து 1994-ல் வெளிவந்த சேர் அது. ஏ, பி, சி என்று மூன்று அளவில் வரும். சாய்மானச் சட்டத்தின் மேல்விளிம்பைத் தடவினால் சின்னப் புடைப்புகள் தட்டுப்படும்: ஒன்று இருந்தால் ஏ, இரண்டு பி, மூன்று சி. பழசு வாங்குபவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், விற்பவருக்கே பல நேரம் அளவு தெரியாது.

கூட்டம் முழுக்க அதைச் சுற்றித்தான். பழசாக இருந்தும் என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. பக்கத்திலேயே அதிகம் பெயர் கேள்விப்படாத கம்பெனியின் சேர்கள், துணி இருக்கையோடு கொஞ்சம் மங்கலாக நின்றன. அலுவலகங்களுக்கு மொத்தமாகப் போகும் ரகம். தூக்கிப் பார்த்தபோதே கனம் தெரிந்தது. அதில் ஒன்றைத்தான் எடுத்தேன். புதிதாக வாங்கினால் அதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும்.

எடுப்பதற்கு முன் அவசரப்படவில்லை. சேரைக் கவிழ்த்து, இருக்கைக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டில் தயாரித்த தேதியைப் பார்த்தேன். பிறகு முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்து, விற்பவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கேஸ் லிஃப்ட், அதாவது சேரை ஏற்றி இறக்கும் வாயு சிலிண்டர், போயிருந்தால் அந்த நேரத்துக்குள் மெல்ல இறங்கிவிடும். சாய்வின் ஒவ்வொரு நிலையிலும் பூட்டிப் பார்த்தேன், இடமும் வலமும் உடம்பை அசைத்துச் சத்தம் கேட்டேன். முனகல் பரவாயில்லை, எண்ணெய் விட்டால் போகும். 'டக்' என்று உலோகம் இடிக்கும் சத்தம் வந்தால் விட்டுவிடுவது நல்லது. கட்டைவிரலால் இருக்கையின் நடுவை அழுத்தும்போது அடிப்பலகை தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, துணி இருக்கையாக இருந்தால் மொபைல் டார்ச் அடித்துத் தையல் ஓரங்களைப் பாருங்கள். கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

பெரிய பிராண்டு உத்தரவாதங்கள் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் செல்லும். அதை நம்பிப் பழசுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

*

தம்பி சொன்னதெல்லாம் சரி. நான் சேர் ரிப்பேர் தொழில்ல இருக்கறவன். எங்ககிட்ட வர்ற சேர வச்சு சொல்றேன்.

முதல்ல போறது ரெக்சின். லெதர் மாதிரியே பளபளன்னு இருக்கும், ஆனா நிறைய சேர்ல மேல இருக்கறது பாலியூரித்தேன்ங்கற பிளாஸ்டிக் பூச்சு. காத்துல இருக்கற ஈரமும் நம்ம வேர்வையும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு சிதைஞ்சு செதில் செதிலா உரியும். உரிய ஆரம்பிச்சா நிறுத்த வழி இல்ல, உறையவே மாத்தணும். பட்ஜெட் கம்மின்னா துணி இல்லன்னா மெஷ், அதான் வலை மாதிரி இருக்கறது, எடுங்க. மெஷ் எடுத்தா இருக்கைக்கு ஃபோமும் முதுகுக்கு மெஷ்ஷும் இருக்கற மாதிரி பாருங்க. விலை கம்மியான மெஷ் இருக்கை சீக்கிரம் தொய்ஞ்சிடும், அப்புறம் சுத்தி இருக்கற சட்டம் தொடையில ஏறி அழுத்தும்.

ஃபோம்ல ரெண்டு வகை இருக்கு. பெரிய பாளத்துல இருந்து வெட்டி எடுக்கறது ஒண்ணு, அச்சுல ஊத்தி எடுக்கறது ஒண்ணு. அச்சு ஃபோம் அடர்த்தியா இருக்கும், வடிவம் மாறாது. கடையில எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? விளிம்பத் தடவிப் பாருங்க. அச்சு ஃபோம்னா முன்விளிம்பு அருவி மாதிரி வழிஞ்சு கீழ இறங்கும், உள்ள கூர் தெரியாது. உக்காந்த உடனே மெத்து மெத்துன்னு உள்ள போற சேர் ஷோரூம்ல சுகமா இருக்கும். அதத்தான் வருஷம் திரும்பறதுக்குள்ள எங்ககிட்ட தூக்கிட்டு வர்றாங்க.

சேர் தானா இறங்குதுன்னு தூக்கிப் போடாதீங்க, தயவுசெஞ்சு. போனது சிலிண்டர் மட்டும்தான். நல்ல சேருங்க நிறைய இப்படியே குப்பைக்குப் போகுது, பாக்கவே மனசு கேக்கல. பெரும்பாலான சேர்ல சிலிண்டர் ஒரே அளவுதான், அடியில ஐந்து கால் பேஸுக்குள்ள போற இடம் 50 மில்லிமீட்டர் குறுக்களவு, மேல இருக்கைக்கு அடியில இருக்கற மெக்கானிசத்துக்குள்ள போற இடம் 28. திருகு எதுவும் கிடையாது, கூம்பு வடிவத்துல இறுகிப் பிடிச்சிருக்கும், நம்ம எடையே அத இன்னும் இறுக்கும். சேரக் கவுத்துப் போட்டு, அடியில நடுவுல இருக்கற கிளிப்பக் கழட்டி, சுத்தியலால தட்டினா ஐந்து கால் பேஸ் தனியா வந்துடும். மேல் பக்கம்தான் வம்பு பண்ணும். துருவ இளக்கற எண்ணெய் கொஞ்சம் விட்டு ஊற விடணும், பெரிய பைப் ரெஞ்சால பிடிச்சுத் திருப்பணும், லேசா அசைஞ்சா போதும், அப்புறம் இழுத்தா வந்துடும். புது சிலிண்டர செருகி உக்காந்தா வேலை முடிஞ்சது. வாங்கும்போது பழசோட நீளத்தையும் ஏறி இறங்கற தூரத்தையும் அளந்துட்டுப் போங்க. பழைய சிலிண்டரத் துளைக்கறது, சூடு காட்டறது ரெண்டும் கூடவே கூடாது. உள்ள நைட்ரஜன் அழுத்தத்துல இருக்கு.

எடையப் பத்தியும் ஒரு வார்த்தை. பிஃப்மாங்கறது ஆபீஸ் ஃபர்னிச்சருக்குத் தரம் வகுக்கற அமெரிக்கச் சங்கம். பிஃப்மா எக்ஸ்5.1-ன்னு போட்டிருந்தா அந்தத் தரம் 125 கிலோ வரைக்கும் உள்ளவங்களுக்கு. அதுக்கு மேல எடை இருக்கறவங்க எக்ஸ்5.11-னு கேளுங்க, அது 181 கிலோ வரைக்கும். வெறும் ஸ்டிக்கர நம்பாதீங்க, சோதனை அறிக்கை இருக்கான்னு கேளுங்க.

*

கணக்குத் தணிக்கை வேலை, இடுப்பு வலி கூடவே இருக்கிறது. சாய்வைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கு வேறு எந்த வசதியையும்விட அதுதான் உதவியது.

விறைப்பாக நிமிர்ந்து உட்கார்வதுதான் சரி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். என் பிசியோதெரபிஸ்ட் வேறு மாதிரி சொன்னார். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் முதுகெலும்புத் தட்டுக்குள் (முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்) ஊசி செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். பிடிமானம் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடக் கூடியது. முன்னால் குனிந்தால் இன்னும் கூடியது. 1999-ல் ஜெர்மனியில் வில்கெ குழுவினர் அளந்தபோது உட்கார்வதும் நிற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வந்தது. ஆனால் பின்னால் சாய்ந்தால் அழுத்தம் குறைகிறது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். 2006-ல் ஸ்காட்லாந்தில் எம்.ஆர்.ஐ. வைத்துப் பார்த்தவர்களும் தொடைக்கும் உடலுக்கும் இடையே 135 டிகிரி இருக்கும்படி சாய்ந்தபோது தட்டுகள் குறைவாக அசைந்ததாகச் சொன்னார்கள். 135 டிகிரியில் டைப் செய்ய முடியாது, உண்மைதான். 100, 110 டிகிரிக்குச் சாய்ந்தாலே என் இடுப்புக்கு வித்தியாசம் தெரிகிறது.

அதனால் சேர் தேடியபோது சாயும் விதத்தைத்தான் முதலில் பார்த்தேன். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இருக்கையும் சாய்மானமும் ஒரே துண்டாகச் சாயும். பின்னால் போகப் போக முழங்கால் மேலே எழும், குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். கால் ஊன்றாத இடத்தில் யாரும் சாய்ந்து வேலை செய்ய மாட்டார்கள், மறுபடி முன்னால் குனிந்துவிடுவார்கள். சின்க்ரோ டில்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் சாய்மானம் இரண்டு பங்கு சாய்ந்தால் இருக்கை ஒரு பங்குதான் சாயும், கால் தரையிலேயே இருக்கும். நடுத்தர விலையில் இது கிடைக்கிறது. தலையணை, கால் நீட்டும் பலகை, பந்தயக் கார் வடிவம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்குப் பணம் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

வாங்கிய பிறகு இருக்கைக்கு அடியில் உள்ள பெரிய குமிழைத் திருப்பி நம் எடைக்கு ஏற்ப இறுக்கத்தைச் சரி செய்ய வேண்டும். என் மனைவி உட்கார்ந்தால் அசையவே அசையாது, நான் சாய்ந்தால் சட்டென்று பின்னால் போகும். ஒரே சேரை இருவர் மாற்றி மாற்றி உபயோகித்தால் அந்தக் குமிழ் எளிதாகத் திரும்புகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. நான் கல்லூரி மாணவி. இப்போதைக்குச் சேர் வாங்கப் பணம் இல்லை. வீட்டில் இருக்கும் மர நாற்காலியில்தான் படிப்பு. ஒரு துண்டை இறுக்கச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, பெல்ட் கட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து உட்கார்கிறேன். லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றிவிட்டு விசைப்பலகையைத் தனியாக இணைத்தேன், கழுத்து வலி நன்றாகக் குறைந்துவிட்டது. நாற்காலியைவிட மேசை உயரம் அதிகமாக இருந்ததால் தோள் தூக்கியபடியே இருந்தது. இருக்கையில் கெட்டியான குஷன் போட்டதும் முழங்கை மேசை மட்டத்துக்கு வந்தது. கால் இப்போது ஸ்டூல் மேல்.

ஒரு சந்தேகம். உறவினர் ஒருவர் பழைய ஆபீஸ் சேர் தருவதாகச் சொல்கிறார். சக்கரம் கெட்டியான பிளாஸ்டிக், எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை. கீறுமா? கைப்பிடியும் மேசையில் இடிக்கிறது.

*

பாப்பா, சேர் ரிப்பேர் பண்றவன்தான் மறுபடி எழுதறேன். தாராளமா வாங்கிக்கோ. கெட்டிச் சக்கரம் கார்ப்பெட்டுக்கு ஆனது. டைல்ஸ்ல சத்தம் போடும், வழுக்கும், அடியில மண் மாட்டினா கீறவும் செய்யும். மேல மெத்துன்னு பாலியூரித்தேன் சுத்தின சக்கரம் தனியா அஞ்சு கிடைக்கும். பெரும்பாலும் தண்டு 11 மில்லிமீட்டர் கனம் இருக்கும், ஆனா சில கம்பெனி 10 போடுது, அதனால ஒண்ணக் கழட்டி எடுத்துட்டுப் போயே வாங்கு. கழட்ட எந்தக் கருவியும் வேண்டாம், சேரப் படுக்கப் போட்டு நேரா இழுத்தா வந்துடும். தண்டுல முடி சுத்தியிருக்கும், அதச் சுத்தம் பண்ணு.

கைப்பிடி பெரும்பாலும் அடியில ரெண்டு மூணு போல்ட்தான், ஆலன் சாவியால (ஆறு பட்டை உள்ள எல் வடிவச் சாவி) கழட்டிடலாம். கழட்டினா மேசைக்கிட்ட நெருங்கி உக்காரலாம், முழங்கைய மேசையிலயே வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, சில சேர்ல சாய்மானமே கைப்பிடியாலதான் இருக்கையோட சேர்ந்திருக்கும். அந்த ரகத்துல கழட்டக் கூடாது. கவுத்துப் போட்டு, இருக்கைக்கு அடியில இருந்து முதுகுப் பக்கம் தனியா ஒரு இரும்புப் பட்டை போகுதான்னு பாரு. போகுதுன்னா கழட்டு.