ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழ்: அழிக்கிறதா, விடுகிறதா?

கோண்டாவிலாள்
எல்லாருக்கும் வணக்கம். ஆங்கில ஆசிரியராக வரப் படிக்கிற நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுத்தறிவு பற்றி ஒரு குழு ஆய்வு செய்யிறம். தரம் 6 பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்க எப்படிப் பழகுகினம், அதைப் பற்றி அறிஞர்கள் சொன்னது யாழ்ப்பாணத்து வகுப்பறைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதுதான் விடயம். ஆளுக்கொருவரைப் பிரித்து எடுத்தம். ஒருவருக்குப் பிரேசிலின் பாவ்லோ பிரெய்ரே, இன்னொருவருக்கு இங்கிலாந்தின் பிரயன் ஸ்ட்ரீட், எனக்கு எங்கட சுரேஷ் கனகராஜா. அவர் யாழ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தபோது மாணவர்கள் பாடப்புத்தக ஓரங்களில் எழுதி வைத்ததையெல்லாம் ஆய்வுக்கு எடுத்தவர். 1999இல் வந்த அவருடைய நூலில் அது இருக்கு.

அதை வாசித்த பிறகு ஒரு வகுப்பில் போய் இருந்தம். பிள்ளைகளின் புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ். ‘மை பிரதர் இஸ் எ பாமர்’. கருத்து எழுதேல்லை, ஒலி மட்டும்தான். ரீச்சர் கண்டால் உடனே அழிறப்பர் எடுக்கச் சொல்லுவா. அழிக்கக்கூடாது என்பது எங்கட குழுவின் நிலைப்பாடு. தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்குப் போகப் பிள்ளை தானே கண்டுபிடித்த வழி அது. நீங்கள் என்ன சொல்லுறியள்?

வெண்கட்டி
தங்கச்சி, நான் ஆங்கிலம் படிப்பித்தே ஓய்வுபெற்றவன். உங்கள் முடிவுக்கு முழுக்க எதிர்.

பெரியது என்பதற்கு ஒரு ஆங்கிலச் சொல், பன்றிக்கு ஒரு சொல், பொறுக்கு என்பதற்கு ஒரு சொல். மூன்றையும் தமிழில் எழுதிப் பாருங்கள். மூன்றும் ‘பிக்’. தமிழில் அந்த ஒலி வேறுபாட்டுக்குத் தனித்தனி எழுத்து இல்லை, தமிழுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் முழுப் பொருளும் அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. மேலே பென்சில் வரி இருக்கும்வரை பிள்ளையின் கண் கீழே இறங்காது. வாய் ஆங்கிலம் சொல்லும், கண் தமிழைத்தான் வாசிக்கும்.

பிரெய்ரேயை எடுத்தீர்கள், சந்தோஷம். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்குக் கிட்டத்தட்ட 40 மணித்தியாலத்தில் எழுத வாசிக்கப் பழக்கியதாகச் சொல்வார்கள். எப்படி முடிந்தது? செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’ போல அவர்கள் அன்றாடம் புழங்கிய சொல்லை எடுத்து, அசையாகப் பிரித்து, த, தெ, தி, தொ, து என்று வரிசை போட்டார். நாங்கள் க, கா, கி, கீ படித்தது மாதிரித்தான். போர்த்துக்கேயம் பெரும்பாலும் எழுதியபடி ஒலிக்கும் மொழி. ஆங்கிலம் அப்படியா? 26 எழுத்தை வைத்துக்கொண்டு 44 ஒலி அளவில் ஓட்டுகிற மொழி. உங்கள் அறிக்கையில் இதை யாராவது எழுதினீர்களா? ஐந்து பேர் ஐந்து அறிஞரைப் பிரித்து எடுத்தால் ஒருவர் வாசித்தது மற்றவருக்குத் தெரியாது. கடைசியில் ஐந்து துண்டையும் தைத்து ஒரு மட்டை போடுவீர்கள். அதைக் கூட்டு ஆய்வு என்று நான் ஏற்கமாட்டேன்.

தீவகத்தான்
வெண்கட்டி ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். படகில் போய்வந்து ஆங்கிலம் படிப்பிக்கிறவன் நான். என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை. பகல் வகுப்பில் நான் வாசித்த ஒலியை இரவு வீட்டில் திரும்பப் பிடிக்க அந்தப் பென்சில் வரியை விட்டால் அவர்களிடம் வேறு என்ன இருக்கிறது? அழிக்கச் சொன்ன அன்றைக்கு அந்தப் பிள்ளை வீட்டில் புத்தகத்தைத் திறக்காது. நான் கண்ணால் கண்டது.

‘பிக்’ பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் பிழை பென்சிலில் இல்லை. தரம் 1, 2இல் ஆங்கிலம் பேச்சும் விளையாட்டுமாகப் போகும், தரம் 3இல் புத்தகம் வரும். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்று நடுவில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? தமிழில் ‘க’வின் பெயரும் ‘க’தான், ஒலியும் ‘க’தான். அந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளை ‘சீ, ஏ, ரீ’ என்று ஒப்புவித்துவிட்டு, இதிலிருந்து பூனை எப்படி வந்தது என்று முழிக்கும். வழி தெரியாமல்தான் பென்சில் எடுக்கிறது.

வடமராட்சியான்
ஆய்வு எழுதிப் பிள்ளை ஓ.எல். சோதனையில் ஆங்கிலம் பாஸ் பண்ணுமோ? ரியூட்டரியில் இலக்கணமும் பழைய வினாத்தாளும் செய்விச்சால் காணும். உந்த ஐந்து பேரும் அந்த நேரத்தில் வகுப்பில் நின்று படிப்பிச்சுப் பழகலாம்.

தீவகத்தான்
பழைய வினாத்தாளை வாசிக்கவே முடியாத பிள்ளைக்கு அதைச் செய்விக்கிறது எப்படி, தம்பி?

இணுவில்_அம்மா
இதை வாசிச்சிட்டு என்ர மகளின்ர புத்தகத்தை எடுத்துப் பாத்தன். அவவும் தமிழிலைதான் எழுதி வைச்சிருக்கிறா. ஆனா ஒண்டு சொல்லவேணும். கனடாவிலை இருக்கிற என்ர அண்ணாவின்ர பிள்ளையளுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதாலை மகள் அவையோடை வட்ஸப்பிலை தமிழை இங்கிலிஸ் எழுத்திலை அடிக்கிறா. ‘அம்மா சமைக்கிறா, பிறகு வாறன்’ எண்டு கடகடவெண்டு அடிப்பா. இங்கிலிஸ் எழுத்தைப் பாத்துச் சத்தம் போட அவவுக்கு நல்லாத் தெரியும். பிறகேன் புத்தகத்திலை மட்டும் தமிழ் எழுதுறா? உங்கட ஆய்வில இதுக்குப் பதில் இருக்கோ, தங்கச்சி?

வெண்கட்டி
இந்த அம்மா கேட்டதுதான் ஆய்வுக் கேள்வி. இதை வைத்துத் தொடங்கியிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். தொலைபேசியில் மகள் ஆங்கில எழுத்தைத் தமிழ் முறையில் பாவிக்கிறா. ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி. அதே முறையில் பெயரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் புத்தகத்தில் வாசித்தால் ‘நமெ’ என்று வரும். ரீச்சர் ‘நேம்’ என்கிறா. தன் முறை இங்கே சரிவராது என்று கண்டவுடன் அவ தமிழுக்குத் திரும்புகிறா. கடைசி எழுத்து ஒலிக்காமல் நின்று, முன்னால் இருக்கிற உயிரை நீட்டுகிறது என்று யாராவது அவவுக்குக் காட்டினால் பென்சில் தேவைப்படாது. அதனால்தான் சொல்கிறேன், ஒலிமுறையை, அதாவது எந்த எழுத்து எங்கே எப்படி ஒலிக்கும் என்பதை, முதலில் ஒழுங்காகப் படிப்பியுங்கள். அறிஞர்களின் கருத்தியல் பிறகு வரட்டும்.

கோண்டாவிலாள்
அம்மா, நீங்கள் கேட்டது எங்கட அறிக்கையில் இல்லை. இனி வரும். மகளின் அனுமதியோடு ஒன்றிரண்டு செய்தியைப் பெயரில்லாமல் எடுத்துத் தருவீங்களா?

ஐயா, கருத்தியல் பிறகு வரட்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியேல்லை. ஸ்ட்ரீட் 1970களில் ஈரான் கிராமத்தில் கண்டது இதுதான். சமயப் பள்ளியில் பெற்ற எழுத்தறிவைக் கொண்டே பழ வியாபாரிகள் கணக்கும் பற்றுச்சீட்டும் எழுதினவை. வெளியில் இருந்து பார்த்தவை அவர்களைப் படிப்பறிவில்லாத ஆட்கள் என்று நினைத்திருப்பினம். அதை வாசித்திராவிட்டால், அம்மாவின் மகள் தொலைபேசியில் செய்யிறதையும் எழுத்தறிவு என்று எண்ண எனக்குத் தோன்றியிராது. வெறும் ‘சற்றிங்’ என்று தள்ளியிருப்பன்.

ஐந்து துண்டைத் தைக்கிறது பற்றி. தொடக்கத்தில் பிரித்துத்தான் வாசித்தம். ஆனால் வகுப்பில் எல்லாரும் ஒரே பிள்ளையின் ஒரே பக்கத்தைப் பார்த்து, தனித்தனியாகக் குறிப்பு எழுதினம். கொழும்பில் ஆங்கில மூலம் படித்து வந்தவ, ‘ரீச்சர் சொன்னதைப் பார்த்தெழுதியிருக்கிறான், வாசிப்பு இல்லை’ என்று எழுதினா. புங்குடுதீவில் இருந்து வந்தவர், ‘வாசிக்கிறான், தானும் இப்படித்தான் படித்தனான்’ என்று எழுதினார். இரண்டு பேரும் நல்லாச் சண்டை பிடிச்சினம். அதைத் தீர்க்கத்தான் அடிமட்டத்தை வைத்துப் பென்சில் வரியை மறைத்துவிட்டு அவனை வாசிக்கச் சொன்னம். ‘மை பிரதர் இஸ் எ’ வரை நிற்காமல் வாசித்தான். கடைசிச் சொல்லில் நின்றுவிட்டான். அதாவது ஐந்து சொல்லில் நாலுக்கு அவனுக்குப் பென்சில் தேவையில்லை, ஆனால் அஞ்சிலும் எழுதி வைத்திருக்கிறான். நான் தனிய இருந்திருந்தால் இதை ஒருநாளும் பிடித்திருக்கமாட்டன்.

இப்ப எங்கட யோசனை இது: அழிறப்பர் பிள்ளையின் கையில் இருக்கட்டும். அடிமட்டத்தால் மறைத்து, வாசிக்க வருகிற சொல்லுக்கு மேல் இருக்கிறதை அவனே அழிக்கட்டும். வராத சொல்லில் தமிழ் நிற்கட்டும். எந்த ஒலியைப் படிப்பிக்க வேண்டும் என்று ரீச்சருக்கும் அதைப் பார்த்தாலே தெரியும்.

தீவகத்தான்
தங்கச்சி, இதை நான் என் வகுப்பில் செய்து பார்க்கிறேன். கூட்டம் கூடின வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையோடும் இருக்க நேரம் வராது, பக்கத்துப் பிள்ளையை வைத்து மறைக்கச் செய்யலாம்.

வெண்கட்டி
அடிமட்டம் நல்ல யோசனை. இருந்தாலும் ‘பிக்’ விடயத்தில் நான் அசையமாட்டேன். வாசிக்கத் தெரியும் என்று அழித்துவிட்டுப் பன்றியைப் ‘பெரியது’ என்று வாசித்தால் அடிமட்டம் அதைக் காட்டித் தராது. காதால் பிரித்துக் கேட்கப் பழக்கும் பயிற்சி அதோடு சேரவேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். பன்றிக்குக் கடதாசி ஆடும், பெரியதுக்கு அவ்வளவு ஆடாது.

இன்னொன்று. கொழும்புப் பிள்ளையும் புங்குடுதீவுத் தம்பியும் பிடித்த சண்டையை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். ‘குழுவின் முடிவு’ என்று ஒரே வரியில் மூடிவிடாதீர்கள். ஒலிமுறைக்கு ஒரு அத்தியாயமும் அந்தச் சண்டைக்கு ஒரு அத்தியாயமும் இல்லாமல் ஒப்படைத்தால் நான் இங்கே திரும்ப வந்து எதிர்த்து எழுதுவேன்.

கோண்டாவிலாள்
இரண்டும் வரும், ஐயா. ஒப்படைக்க முதல் ஒலிமுறை அத்தியாயத்தை உங்களுக்கு அனுப்பிறன், திருத்தித் தாங்கோ. அழிக்க வேண்டும் என்ற உங்கட கட்சியையும் அதில் ஒருவர் வாதாடுவா. கொழும்புக்காரி இப்பவும் உங்கட பக்கம்தான்.