பொங்கோல் பூங்காவில் என் பக்கத்துப் பாத்திக்காரர்கள்

சிங்கப்பூரில் பொங்கோல் பூங்காவில் எனக்கு ஒரு பாத்தி இருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கட்டிய தொட்டி. தேசியப் பூங்காக் கழகம் குலுக்கல் போட்டுத் தருகிறது. மூன்றாண்டுக் குத்தகை, நான் எடுத்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டு வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி மட்டும் வைத்திருந்த எனக்கு அது காணி நிலம் கிடைத்த சந்தோஷம்.

பாத்திகள் அடுத்தடுத்து இருக்கின்றன. என் வெண்டையில் மாவுப்பூச்சி ஏறினால் சீக்கிரமே பக்கத்துக் கத்தரியிலும் ஏறிவிடும். யாராவது வாளியில் தண்ணீரைத் தேக்கி வைத்துவிட்டுப் போனால் ஏடிஸ் கொசு எல்லாரையும்தான் கடிக்கும். அதனால் இங்கே யாரோடும் பேசாமல் தோட்டம் போடவே முடியாது. நான் அதிகம் பேசாத ஆள். என்னைப் பேச வைத்தது இந்தப் பூச்சிதான்.

முதலில் பழகியவர் வலப்பக்கத்துப் பாத்தி அங்கிள். எழுபதைத் தாண்டிய தியோச்சியூ சீனர். அவர் சந்தை மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் கொஞ்சம் மலாயும் நிறைய ஆங்கிலமும். வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து நான் தெளிப்பதைப் பார்த்துவிட்டு, "இலைக்கு அடியில் அடி" என்று கைகாட்டினார். பூச்சி அடியில்தான் ஒட்டியிருக்கும், மேலே தெளித்து என்ன பயன்? சாயங்காலம் வெயில் இறங்கியபின் தெளிக்கச் சொன்னதும் அவர்தான்.

அவர் பொங்கோலிலேயே பிறந்தவர். இன்று அடுக்குமாடிகளாக நிற்கும் இந்தப் பக்கமெல்லாம் அப்போது பன்றிப் பண்ணைகள். அவர் அப்பாவும் பன்றி வளர்த்தவர். பண்ணைக் குளத்தில் ஆகாயத்தாமரையும் கங்கோங் கீரையும் வளர்த்து, அறுத்து வேகவைத்துப் பன்றிக்குப் போடுவார்களாம். கழிவு குளத்துக்குப் போகும், குளத்தில் மீன் வளரும். எண்பதுகளில் அரசாங்கம் பன்றி வளர்ப்பை நிறுத்த முடிவு செய்தது. 1990 வாக்கில் எல்லாப் பண்ணைகளும் போய்விட்டன. அதற்குப்பின் அவர் டாக்சி ஓட்டினார், மண்ணைத் தொடவே இல்லை. ஓய்வு பெற்றபின் குலுக்கலில் இந்த இரண்டரை மீட்டர் கிடைத்திருக்கிறது. சொல்லும்போது அவர் குரலில் குறையே இல்லை. எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

கங்கோங்கை அவர் வேரோடு பிடுங்கவே மாட்டார். அடியில் இரண்டு கணு விட்டு நறுக்குவார், மறுபடி துளிர்க்கும். நானும் தண்டுக்கீரையை அப்படித்தான் நறுக்குகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்தவள். இங்கே பூமத்திய ரேகையை ஒட்டியே இருக்கிறோம், வருடம் முழுக்க ஒரே வெயில், எந்த மாதத்திலும் மழை. வெண்டையை எப்போது வேண்டுமானாலும் ஊன்றலாம். ஆனால் அடித்துப் பெய்கிற மழை மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், மண்ணும் இறுகிவிடும். டிசம்பர், ஜனவரி மழைக்குப் பிறகு தொட்டியைக் கிளறி மக்கு உரம் போடாவிட்டால் செடி வெளிறிப் போகும். ஊரில் நாள் பார்த்து விதைப்போம்; இங்கே மண்ணைப் பார்த்து விதைக்க வேண்டியிருக்கிறது.

திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டு வைத்திருந்த கத்தரிக்காய் மொத்தத்தையும் யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் காய்தான். ஆனாலும் விதையிலிருந்து வளர்த்தது, இன்று நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது. எழுதிப் பலகை வைக்கலாம், ஆட்கள் முறை வைத்துக் காவல் பார்க்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் பாத்தியில் நடைபாதைப் பக்கமாக சர்க்கரைவள்ளிக்கிழங்குத் தண்டுகளை ஊன்றி, "கீரை எடுத்துக்கொள்ளலாம், வேரை விடுங்கள்" என்று அட்டையில் எழுதிக் கட்டினார். திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் நடக்க வருகிறவர்கள் நின்று, கேட்டு, கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போகிறார்கள். காவலைவிட இதுதான் சரி என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

அப்புறம் முருங்கை. ஒரு மீட்டர் அகலத் தொட்டியில் மரம் வைக்க முடியாது. ஆனால் எங்கள் புளோக்கின் கீழே சமூகத் தோட்டம் இருக்கிறது. 2005-ல் பூங்காக் கழகம் தொடங்கிய கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தில் தீவு முழுக்க இப்படி நிறைய தோட்டங்கள் வந்திருக்கின்றன. அங்கே நிற்கும் முருங்கையில் ஒடித்த கிளையைப் பூங்காவுக்கு எடுத்துப்போய், பெஞ்சில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பிலிப்பினோ பணிப்பெண் சட்டென்று நின்றுவிட்டார். "மலுங்காய்!" என்றார். அவர்கள் ஊரில் இஞ்சி போட்ட கோழி சூப்பில் கடைசியாக இந்தக் கீரையைத்தான் தூவி இறக்குவார்களாம். அதற்குத் தினோலா என்று பெயர். வாசலிலேயே மரம் இருந்ததாம். கீரையில் பாதியைக் கொடுத்தேன். பாட்டி என்னைப் பார்த்து, தனக்கும் அந்த சூப் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சைகை காட்டினார். இப்போது முருங்கை ஒடிக்கும்போதெல்லாம் அவர்களுக்கும் சேர்த்து ஒடிக்கிறேன்.

இடப்பக்கத்துப் பாத்தி மக்சிக் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வளர்ப்பது சங்குப்பூவும் பாண்டான் என்கிற ரம்பை இலையும் செராய் என்கிற எலுமிச்சைப்புல்லும். நாம் சாமிக்கு வைக்கும் நீலப் பூவை அவர் ஊறவைத்துச் சோற்றுக்கு நிறமேற்றுவார். நோன்புப் பெருநாளுக்கு முன் என் பாத்தியைத் தாண்டி அவருடைய கொடி படர்ந்தபோது, வெட்டலாமா என்று என்னைக் கேட்டார். பூ முடியட்டும் என்றேன்.

அங்கிளின் குத்தகை இந்த வருடம் முடிகிறது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறார், குலுக்கலில் விழ வேண்டும். விழாவிட்டால் என் பாத்தியில் பாதியில் கங்கோங் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஹவ்காங், பொங்கோல் பக்கம் இருப்பவர்களுக்குக் கொடிப்பசலைத் தண்டு வேண்டுமென்றால் சொல்லுங்கள், நிறைய இருக்கிறது. வெட்டி ஈரத் துணியில் சுற்றி வைக்கிறேன், காலை வெயில் ஏறுவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.